தலைக்கும் தோலுக்கும் வீட்டு மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனையியல் படிப்பித்தவள் என்பதால், தலைமயிர் கொட்டுவதிலிருந்து குதிக்கால் வெடிப்பு வரைக்கும் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஏதாவது கைமருந்து இருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. கலியாண வீட்டிலும் கேட்பார்கள், அந்தியேட்டி வீட்டிலும் கேட்பார்கள். கேட்பதும் அநேகமாக அதே கேள்விகள்தான். அவற்றை, கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. வைத்தியரிடம் போகவேண்டிய இடத்தில் போங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ரீச்சர், உந்த வீட்டு மருந்துகள் உண்மையிலை வேலை செய்யுமோ, இல்லாட்டி மன ஆறுதலுக்குத்தானோ?

சில வேலைகளைச் செய்யும், சிலவற்றைச் செய்யாது. தலைமயிரில் நாம் சீவிப் பின்னுகிற பகுதிக்கு உயிர் கிடையாது. உயிர் இருப்பது தோலுக்குள்ளே, வேரில். வேருக்குச் சாப்பாடு போவது இரத்தத்தால். மேலே பூசுகிற எண்ணெயும் பசையும் மயிரை மினுக்கும், மெதுவாக்கும், சிக்கெடுக்கும்போது முறிவதைக் குறைக்கும். முறியாமல் இருந்தாலே முடி நீண்டுவிடும். "எண்ணெய் வைச்சன், வளர்ந்திட்டுது" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இரத்தசோகையால் கொட்டுகிற முடியை எந்த எண்ணெயும் பிடித்து வைக்காது.

தோலும் அப்படித்தான். அழுக்கெடுக்கலாம், ஈரம் காயாமல் காக்கலாம், எரிவைத் தணிக்கலாம். நிறத்தை மாற்றுவது, தழும்பை அழிப்பது எல்லாம் குசினியில் நடக்கிற காரியம் இல்லை.

நான் என்னத்தைப் பூசினாலும் தலை பிசுபிசுத்து, மங்கிப்போய்க் கிடக்கு. ஏன்?

எந்தக் கிணற்றுத் தண்ணீரில் தோய்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிற நிலம். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை. மாரியில் பெய்வது அந்தக் கல்லுக்குள் இறங்கித் தங்கி, கல்சியத்தையும் கரைத்துக்கொண்டு கிணற்றில் ஊறுகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கிறதே, அதேதான். இந்தக் கல்சியமும் சவர்க்காரமும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத பசையொன்று உண்டாகும். எத்தனை வாளி அள்ளி ஊற்றினாலும் அது மயிரை விட்டுப் போகாது. செவ்வரத்தை, வெந்தயம் எல்லாவற்றையும் குறை சொல்கிறோம்; குற்றம் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் இருக்கிறது.

ஆகவே உடம்புக்குப் போடுகிற சவர்க்காரக் கட்டியைத் தலைக்குப் போடாதீர்கள். கடைசியாக ஊற்றுகிற ஒரு வாளியை மட்டும் முதல் நாளே கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலால் இறுத்து எடுத்தால், சுண்ணாம்பில் பெரும்பங்கு பானையோடு நின்றுவிடும். மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைப்பது அதைவிட நல்லது. மூடி வையுங்கள், டெங்கு நுளம்புக்குத் தொட்டி கட்டிக் கொடுக்க வேண்டாம். இரண்டும் வசதிப்படாவிட்டால், ஒரு லீற்றர் தண்ணீரில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து, தோய்ந்த பிறகு தலையில் ஊற்றி, உடனே நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள்.

தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. அங்கே தண்ணீரில் இருப்பது உப்பு. கொதிக்கவைத்தால் உப்புப் போகாது, இன்னும் தடிக்கும். சவர்த் தண்ணீரில் தோய்ந்தாலும், குடிக்க எடுத்துவைத்த தண்ணீரில் இரண்டு செம்பைக் கடைசியில் தலைக்கு ஒதுக்குங்கள்.

சீயாக்காய் போட்டா தலை காயுது எண்டினம். அதுவோ நல்லது, ஷாம்பூவோ?

சீயாக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைக்கிற பொருள் சபோனின். அது சவர்க்காரம் இல்லை; எங்கள் கிணற்றுத் தண்ணீரோடு சேர்ந்து பசையாகாது. சீயாக்காய் இந்த ஊருக்குத் தோதானது என்று நான் சொல்வது அதனால்தான். ஷாம்பூவும் அந்தப் பசையை உண்டாக்காது. இரண்டில் எது என்பது உங்கள் நேரத்தையும் பொறுமையையும் பொறுத்தது.

எண்ணெய் வைக்காத தலையில் சீயாக்காயைக் கெட்டியாகக் கரைத்து அப்பினால் காயத்தான் செய்யும். எண்ணெய் வைத்து முழுகிற நாளில் மட்டும் போடுங்கள், தண்ணீராகக் கரைத்து, துணியில் வடித்து. வடிக்காவிட்டால் தூள் மயிருக்குள் நின்று அரிக்கும். கண்ணில் பட்டால் என்ன பாடு என்று சின்ன வயதில் முழுக வார்க்கப்பட்ட யாரையும் கேளுங்கள்.

எண்ணெய் வைச்சு எவ்வளவு நேரம் விடவேணும்? இரவிரவா விடலாமோ?

அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காணும். இரவு முழுக்க விட்டால் தலையணை உறைக்கும் நெற்றிக்கும்தான் அதிகம் போகும். நெற்றியிலும் கன்ன ஓரத்திலும் பரு வருகிறவர்கள் கட்டாயம் விடக்கூடாது. பருவைப் பற்றிக் கீழே வருகிறது.

தேங்காயெண்ணெயோ, நல்லெண்ணெயோ?

தலைமயிருக்குத் தேங்காயெண்ணெய். அதில் அதிகமாக இருக்கிற லோரிக் அமிலம் மயிர்த் தண்டுக்குள்ளேயே இறங்கக்கூடியது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003 இல் வெளிவந்த ஆய்வில், கழுவும்போதும் சீவும்போதும் மயிரின் புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். முழுகுவதற்கு முன்னே வைத்தாலே அந்தப் பலன் உண்டு.

நல்லெண்ணெய் சனிக்கிழமை உடம்புக்கும் தலைக்கும் தேய்த்து முழுக. அந்தச் சுகமே தனி, அதற்கு ஆய்வு தேவையில்லை.

கையாந்தகரை எண்ணெய் வீட்டிலை காய்ச்சிறன். ரெண்டு கிழமையிலை மணக்குது, அடியிலை பாசி மாதிரி நிக்குது. என்ன பிழை?

தண்ணீர் முற்றாக வற்றவில்லை. வேறு பிழை ஒன்றும் இல்லை.

அரை லீற்றர் தேங்காயெண்ணெய்க்கு இரண்டு கைபிடி கையாந்தகரை (கரிசலாங்கண்ணி), ஒரு கைபிடி கறிவேப்பிலை, பத்து செவ்வரத்தம்பூ எடுக்கலாம். இலையைக் கழுவி, நிழலில் துணியில் பரப்பி, ஈரம் உலர்ந்த பிறகு தண்ணீர் விடாமல் இடியுங்கள். வடை மாதிரித் தட்டி ஒரு நாள் காயவைத்துப் போடுகிறவர்களும் உண்டு, அது இன்னும் நல்லது. அடி தடித்த சட்டியில், குறைந்த நெருப்பில், எண்ணெயும் இலையும் ஒன்றாகச் சூடேற வேண்டும். முதலில் நுரை பொங்கும், சடசடவென்று சத்தம் கேட்கும். அது தண்ணீர் வெளியேறுகிற சத்தம். கரண்டியால் அடியைத் துழாவிக்கொண்டே இருங்கள். நுரை அடங்கி, சத்தம் ஓய்ந்து, சட்டிக்குள் இருக்கிற இலையை நசுக்கினால் நொறுங்குகிற பதத்தில் இறக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் கருகிய மணம் வந்துவிடும்.

சந்தேகமென்றால் துணித் திரியொன்றைச் சட்டியில் தோய்த்து, அடுப்பிலிருந்து தள்ளி நின்று கொளுத்திப் பாருங்கள். வெடித்து வெடித்து எரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் சரி. நன்றாக ஆறிய பிறகுதான் வடிக்க வேண்டும். போத்தல் கண்ணாடியாக, சொட்டு ஈரமும் இல்லாமல் காய்ந்ததாக இருக்கட்டும். ஈரக் கையை உள்ளே விடாதீர்கள். இப்படிக் காய்ச்சினால் மூன்று நான்கு மாதம் நிற்கும். காறல் மணம் வந்தால் விளக்குக்கு விடுங்கள், தலைக்கு வேண்டாம்.

வெந்தயம், செவ்வரத்தை இலை, கத்தாளை எல்லாம் ஒண்டாப் போட்டு அரைச்சுப் பூசினா மூண்டு மடங்கு பலன்தானே?

மூன்றும் செய்வது ஒரே வேலை. மூன்றிலும் இருப்பது வழுவழுப்பு. அது மயிரின் மேல் மெல்லியதாகப் படிந்து சிக்கைக் குறைக்கிறது. முற்றத்தில் செவ்வரத்தை நிற்கிறவர்கள் வெந்தயத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கத்தாளையில் மட்டும் ஒரு கவனம். மடலை வெட்டினால் தோலோரத்தில் மஞ்சளாகப் பால் வடியும். பலருக்குக் கடிப்பது அதுதான். வெட்டிய மடலைக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து அந்தப் பாலை வடியவிட்டு, கழுவி, உள்ளே இருக்கிற தெளிந்த சதையை மட்டும் வழித்தெடுங்கள். அரைத்த எதையும் அன்றைக்கே முடியுங்கள். எங்கள் வெக்கையில் மறுநாள் அது புளித்த மா.

பொடுகு போக எண்ணெய் நல்லா ஊறவைச்சு, தேசிக்காய் தேய்க்கச் சொல்லுகினம். சரியோ?

இரண்டும் சரியில்லை. பொடுகு வெறும் வறட்சி இல்லை. எல்லோருடைய தோலிலும் வாழ்கிற மலசேசியா என்ற பூஞ்சணம் சிலருடைய தலையில் மிஞ்சும்போது தோல் அதை எதிர்த்து அரித்து உதிர்கிறது. அந்தப் பூஞ்சணம் தின்று வளர்வதே கொழுப்பைத்தான். எண்ணெய் வைத்தால் செதில் தலையோடு ஒட்டிக்கொள்வதால் போய்விட்டது போலத் தெரியும். இரண்டாம் நாள் திரும்பிவிடும்.

தேசிக்காயை வெட்டி நேரே தலைத்தோலில் தேய்ப்பது, ஏற்கெனவே அரித்துப் புண்ணாகிய இடத்தில் புளியை ஊற்றுகிற வேலை. பொடுகுக்கு மட்டும் நான் குசினிப் பக்கம் போகச் சொல்வதில்லை. பாமசியில் கீற்றோகொனசோல் 2 சதவீத ஷாம்பூ இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரம், போட்டு ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் வித்தியாசம் தெரியும். நெஞ்சிலும் முதுகிலும் வெளிறிப் படர்கிற தேமலும் இதே பூஞ்சணத்தின் கூத்துத்தான். அதற்கும் எண்ணெய் பூசவேண்டாம்.

பிள்ளை பெத்து நாலு மாசம். சீப்பிலை கொத்துக் கொத்தா வருது. என்ன எண்ணெய் வைக்க?

எந்த எண்ணெயும் தேவையில்லை. கர்ப்பகாலத்தில் விழாமல் நின்ற முடிகள் எல்லாம் பிள்ளை பிறந்த பிறகு ஒன்றாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழுகின்றன. வேர் சாகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தானாகவே சரிவரும். டெங்கு, கொரோனா, நெருப்புக் காய்ச்சல் என்று கடும் காய்ச்சல் வந்தவர்களுக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டும். அந்த நேரத்தில் எதைப் பூசியிருந்தாலும், முடி திரும்பி வரும்போது புகழ் அதற்குத்தான் போகும். ஊரில் பெயர்பெற்ற எண்ணெய்களில் சிலவற்றின் கதை இதுதான்.

நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது எவருக்கும் வழமை. அதற்கு மேல், ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் இரத்தம் சோதியுங்கள்: இரும்பு, தைரொயிட். சோற்றோடு முருங்கையிலை சாப்பிட்டு, கை கழுவிய கையோடு தேத்தண்ணி குடிப்பவர்கள் அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். தேயிலை, இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது.

சின்ன வெங்காயச் சாறு பூசினா வழுக்கையிலை முடி வருமோ?

இந்தப் பேச்சுக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது 2002 இல் ஈராக்கில் வந்த சிறிய ஆய்வு. புழுவெட்டு, அதாவது வட்டமாக முடி கொட்டிய 23 பேருக்கு வெங்காயச் சாறு பூசிப் பார்த்தார்கள். பலருக்கு முடி வந்தது. புழுவெட்டு தானாகவும் ஆறக்கூடியது. ஆண்களுக்குப் பரம்பரையாக வருகிற வழுக்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் வெங்காயம் காரமானது. தோல் எரிந்து சிவந்தால் நிறுத்துங்கள். வெங்காயம் விலை ஏறியிருக்கிற நேரமென்றால் சம்பலுக்கு வையுங்கள்.

மொட்டை அடிச்சா அடர்த்தியா வளருமாமே?

இல்லை. கத்தி வெட்டுவது மேலே நிற்கிற தண்டை, வேர்களின் எண்ணிக்கை கூடாது. நுனி மழுங்கி ஒரே அளவில் முளைப்பதால் கையில் தடவும்போது தடிப்பாகத் தெரியும். நேர்த்திக்கு அடிப்பது வேறு விசயம், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

இருபத்தைஞ்சு வயசிலையே நரை. மருதோண்டி பூசினா கறுக்குமோ?

மருதோண்டி இலை தருவது செம்மஞ்சள் நிறம் மட்டும். நரையில் பூசினால் செம்பட்டையாகும். கறுக்க வேண்டுமென்றால், மருதோண்டி பூசி அலசிய பிறகு அவுரித் தூளைத் தனியாகக் குழைத்துப் பூசவேண்டும். பூசியவுடன் கறுப்பாக்குகிற "கறுப்பு மருதோண்டி" என்று விற்கிற தூளிலும் கூம்பிலும் அநேகமாகப் பிபிடி என்ற சாய இரசாயனம் கலந்திருக்கும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகம் வீங்கி, தோல் கொப்பளித்து, ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்குப் போகலாம். எதைப் பூசுவதென்றாலும் முழங்கையின் உள்மடிப்பில் சிறு பொட்டளவு பூசி இரண்டு நாள் பாருங்கள். இந்தச் சோதனையைக் கீழே வருகிற எல்லாவற்றுக்கும் செய்யுங்கள், திரும்பத் திரும்ப எழுதமாட்டேன்.

இளநரை அநேகமாகப் பரம்பரை. ஆனால் விட்டமின் பி12 குறைந்தாலும் வரலாம். மச்சம் தொடாத சைவக்காரர், அதிலும் பால் தயிரும் சேர்க்காதவர்கள், அதை ஒருமுறை சோதிப்பது நல்லது.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலை பேன் தொத்திட்டுது. அன்னமுன்னா விதை அரைச்சுப் பூசலாமோ?

பூசவே வேண்டாம். அன்னமுன்னா விதை பேனைக் கொல்லும் என்பது உண்மை. கண்ணில் ஒரு துளி வழிந்தால் கருவிழியைப் புண்ணாக்கும் என்பதும் உண்மை. அப்படிக் கண் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிள்ளையின் தலையில் பூசினால் அது நெற்றியால் வழியாமல் இராது. மண்ணெண்ணெய் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

தலையை நனைத்து, வழுக்குகிற ஏதாவது தடவி (மேலே சொன்ன வெந்தயப் பசை, தேங்காயெண்ணெய் எதுவும் சரி), பகல் வெளிச்சத்தில் இருத்தி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாக இழுங்கள். ஒவ்வொரு இழுவைக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். ஈர் பொரிக்க ஒரு கிழமை முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று கிழமை விடாமல் இழுக்கவேண்டும். வீட்டில் எல்லோருடைய தலையையும் பாருங்கள், அம்மம்மாவுடையதையும்.

சித்திரை வருசத்துக்கு வைக்கிற மருத்துநீர் தலைக்கு நல்லதோ?

தாழம்பூ, தாமரைப்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், சுக்கு, திப்பிலி எல்லாம் போட்டுக் காய்ச்சிக் கோயிலில் தருவதை, பஞ்சாங்கம் சொன்ன இலையைத் தலையிலும் காலிலும் வைத்து, வருடத்துக்கு ஒருநாள் தேய்த்து முழுகிறோம். அது வருடப்பிறப்பின் வாசம். மிச்சத்தைப் போத்தலில் வைத்து மாதக் கணக்கில் பூசுவதற்கு உரியது இல்லை. மூன்றாம் நாளே புளித்துவிடும்.

முகத்துக்குச் சவர்க்காரம் போடுறதோ, பயத்தம்மா போடுறதோ?

பயத்தம்மா நல்லது. அழுக்கையும் எண்ணெய்யையும் எடுக்கும், தோலை இழுக்காது. இரண்டு நிபந்தனை: மா நன்றாக அரித்ததாக இருக்கவேண்டும், கையால் அழுத்தித் தேய்க்கக்கூடாது. தண்ணீரில் குழைத்துத் தடவி, காயமுன்னர் கழுவுங்கள். காய்ந்து வெடிக்கவிட்டு உரித்தெடுத்தால் தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வறண்ட தோலென்றால் தண்ணீருக்குப் பதில் தயிர்.

மஞ்சள் பூசினா முகம் எரியுது. முந்தி எரியேல்லை.

எந்த மஞ்சள்? 2020 இல் இறக்குமதி தடைப்பட்டு மஞ்சள் விலை எக்கச்சக்கமாக ஏறியபோது மாவும் சாயமும் கலந்த தூள் பிடிபட்டதெல்லாம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கறிக்கு வாங்குகிற தூளை முகத்துக்குப் போடாதீர்கள். முழு மஞ்சளைக் கழுவிக் கல்லில் உரசி எடுங்கள். அதற்கும் எரிந்தால் உங்களுக்கு மஞ்சள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிச் சிலர் உண்டு, விட்டுவிடுங்கள்.

கறுத்த இடத்திலை தேசிக்காய் பூசினனான். இப்ப இன்னும் கறுத்துப் போச்சு!

தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் அதிலுள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும். ஓரிரு நாளில் சிவந்து கொப்பளித்து, பிறகு கபில நிறத்தில் கறுத்து, கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். சர்பத்துக்குத் தேசிக்காய் பிழிந்து கையால் வழியவிட்டு வெயிலில் நின்றவர்களுக்கும் வரும். அந்தக் கறுப்பை எடுக்க இன்னொன்றைப் பூசாதீர்கள். வெயில் படாமல் மூடி வையுங்கள், மெல்ல மறையும். தலைக்குச் சொன்ன தேசிக்காய்த் தண்ணீர் வேறு: அது ஐதானது, உடனே அலசுவது.

தை மாசம் கலியாணம். அதுக்கிடையிலை வெள்ளையாக என்ன செய்யலாம்?

பிறந்த நிறத்தைவிட வெள்ளையாக வீட்டில் வழியில்லை. வெயிலில் கறுத்ததை உங்கள் சொந்த நிறத்துக்குக் கொண்டுவர வழி இருக்கிறது: குடை, நீளக்கை, மோட்டார் சைக்கிளில் போகும்போது முகத்துக்கு ஒரு துணி, சன்ஸ்கிறீம். கலியாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னரே தொடங்குங்கள். பப்பாப்பழச் சதையைத் தடவிப் பத்து நிமிடத்தில் கழுவினால் மேலே செத்த தோல் உதிர்ந்து முகம் தெளிவாகத் தெரியும். பழுத்த பப்பாசி மட்டும்; காயின் பால் புண்ணாக்கும்.

ஆபத்து இருப்பது பெட்டியில் ஒழுங்கான முகவரி இல்லாமல் விற்கிற வெள்ளையாக்கும் கிறீம்களில். பத்து நாளில் முகம் வெளுத்தால் சந்தோசப்படாதீர்கள், பயப்படுங்கள். உள்ளே பாதரசம் இருக்கலாம், ஸ்டீரொயிட் என்ற மருந்து இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களைத் தடுக்கிற மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது, என்றாலும் கடையில் வருவது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்டீரொயிட் தோலை மெலிதாக்கி, நிறுத்திய கையோடு முகம் சிவந்து எரிந்து பருவாக வெடிக்கவைக்கும். "வீட்டிலை செய்த மூலிகைக் கிறீம்" என்று பெயரெழுதாத டப்பாவில் விற்பதற்கும் இதே எச்சரிக்கைதான். மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பூசுகிறீர்கள் என்றால், அந்த வீட்டைப் பற்றியும் ஒருமுறை யோசியுங்கள்.

பருவுக்குப் பற்பசை வைக்கலாமோ? தேன் வைக்கலாமோ?

பற்பசை வேண்டாம், தோலைச் சுடும். தேன் தீமை செய்யாது, பெரிய நன்மையும் தெரியவில்லை. முகத்தில் தேங்காயெண்ணெய் பூசுவதை நிறுத்துங்கள், அது தோல் துளைகளை அடைக்கும். தலைக்கு எண்ணெய் வைத்தால் மேலே சொன்னபடி ஒரு மணி நேரத்தில் முழுகிவிடுங்கள். வேப்பிலை அவித்து ஆறிய தண்ணீரால் கழுவுவது அழுக்கெடுக்கும், அவ்வளவுதான். கிள்ளாதீர்கள். கட்டி கட்டியாக, நோவோடு வந்து தழும்பு விழுகிறதென்றால் வீட்டில் காலத்தைக் கடத்தாதீர்கள். பரு போகும், குழி போகாது.

வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணி பூசிறது சரியோ?

சரி. குளிர்ச்சியாக இருக்கும், அரிப்புத் தணியும். வைகாசி ஆனியில் இதைவிட மலிவான மருந்து எங்களுக்கு ஏது? பூசிய பிறகு கழுவிவிடுங்கள், இனிப்புக்கு எறும்பு வரும். எண்ணெய் பூசவேண்டாம், பவுடரை அப்பவும் வேண்டாம். அடைபட்ட வியர்வைத் துளையை இரண்டும் இன்னும் அடைக்கும்.

குதிக்கால் வெடிச்சு இரத்தம் வருது. மெழுகு காய்ச்சிப் பூசலாமோ?

முதலில் சீனி வருத்தம் இருக்கிறதா என்று சொல்லுங்கள். இருந்தால் கல்லால் தேய்ப்பதும், பிளேட்டால் சீவுவதும், சுடுதண்ணீரில் கால் வைப்பதும் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுட்டதும் தெரியாது, வெட்டியதும் தெரியாது. நேரே கிளினிக்குக்குப் போங்கள்.

சீனி இல்லாதவர்கள் இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கால் மணி நேரம் ஊறவைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் துடைத்த கையோடு தேன்மெழுகு உருக்கிக் கலந்த தேங்காயெண்ணெய் பூசி, காலுறை போட்டுப் படுங்கள். எண்ணெய் நான்கு பங்கு, மெழுகு ஒரு பங்கு. சுடச்சுட ஊற்றாதீர்கள். வெறுங்காலோடு வளவில் திரிந்தால் எத்தனை மெழுகு பூசியும் பயனில்லை.

குழந்தைக்கு மா தேய்ச்சுக் குளிப்பாட்டினா பூனைமயிர் உதிருமாமே?

அது தானாகவே உதிர்கிற மயிர். மாவைப் போட்டு உரஞ்சினால் உதிர்வது பிள்ளையின் தோல். தேங்காயெண்ணெய் மெல்லியதாகத் தடவுவது நல்லது. மூக்கிலும் காதிலும் விடாதீர்கள். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கைக்குழந்தைக்குப் பூசவே கூடாது. கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பு வரலாம். சின்னக் குழந்தைக்கு மருதோண்டியும் வேண்டாம்: ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைந்த பிள்ளைகளுக்கு அது இரத்த அணுக்களை உடைத்துவிடும்.

நான் கனடாவிலை இருக்கிறன். அம்மா அனுப்பின எண்ணெய் வைச்சும் தோல் வெடிக்குது. எண்ணெய் பழசோ?

எண்ணெய்யில் பிழையில்லை, பூசுகிற நேரத்தில் பிழை. எண்ணெய் ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும். ஹீற்றர் ஓடுகிற வீட்டில் காய்ந்துபோன தோலில் எண்ணெய் பூசினால் பூட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. அதிகம் சூடில்லாத தண்ணீரில் கெதியாகக் குளித்து, துவாயால் ஒற்றி, தோல் ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள். மற்றது, அங்கே வெயில் குறைவென்று கையாந்தகரை எண்ணெயை யன்னலோரத்தில் வைக்கவேண்டாம். இருட்டான அலுமாரியில் வையுங்கள். உறைந்தால் போத்தலை வெந்நீரில் நிற்கவையுங்கள், மைக்ரோவேவ் வேண்டாம்.

எல்லாம் பூசிப் பார்த்தாச்சு. இனிச் சித்த வைத்தியரிட்டைப் போறதோ, பெரியாஸ்பத்திரிக்குப் போறதோ?

வட்டமாக முடி கொட்டுவது, தலைத்தோலில் சீழ், திடீரென்று பரவுகிற கொப்பளம், மரத்துப்போன வெளிறிய தேமல், நிறமோ விளிம்போ மாறுகிற மச்சம் இவற்றுக்குத் தோல் வைத்தியரிடம், பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கே போங்கள். தொட்டால் உணர்ச்சி இல்லாத தேமல் தொழுநோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, பூரணமாக மாறும். பிந்தினால்தான் கை கால் பாதிக்கும். நாட்பட்ட சொறி, வறட்சி, எண்ணெய்ச் சிகிச்சை போன்றவற்றுக்குக் கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் பலர், அங்கே படித்த வைத்தியர்கள் பார்க்கிறார்கள்.

எங்கே போனாலும் இதுவரை பூசியவற்றின் டப்பா, போத்தல், கடதாசிச் சுருள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "ஒண்டும் பூசேல்லை டொக்டர், வீட்டு மருந்துதான்" என்று சொல்லாதீர்கள். வீட்டு மருந்தும் மருந்துதான், அது என்னவென்று தெரிந்தால்தான் அவர் கணக்குப் பார்க்கலாம்.